உலையும் உலாவும்

நமது பாடசாலைகளில் வரலாறு பெரும்பாலும் இரு வகையினரின் கதையாகவே கற்பிக்கப்படுகின்றது. ஆண்டவர்கள் ஒரு வகை. அவர்களோடு பொருதியவர்கள் மற்றொரு வகை. இவ்விரு வகைக்கும் வெளியே, விடியற்காலையில் உலை வைத்து, கிழமைக்கு ஒருநாள் பிள்ளைகளைக் கைப்பிடித்துக் கடற்கரைக்கு அழைத்துச் சென்ற பெருந்தொகையான மக்களுக்கு அங்கே இடமில்லை. சமையல் பெண்களின் அலுவல். ஊர் பார்ப்பது பொழுதுபோக்கு. வரலாற்றுக்கு இவற்றில் என்ன வேலை என்பது கற்றோர் பலரின் எண்ணம்.

இவ்வெண்ணம் பிழையானது. உலைப்பானை வீட்டுக்குள் இருப்பினும், அதில் விழும் அரிசியின் அளவை நிர்ணயித்தவை கப்பல்களும் சட்டங்களும் போர்களும் வேலைநிறுத்தங்களுமே. குடும்பத்தோடு ஒருநாள் வெளியே சென்றுவருவதும் அத்தகையதே. அதற்கு ஓய்வுநாள் வேண்டும். கையில் சிறிது மீதப் பணம் வேண்டும். ஏழைக்கு எட்டும் கட்டணத்தில் வண்டி வேண்டும். காசின்றி அமர்ந்திருக்கப் பொது இடம் வேண்டும். யாவற்றுக்கும் மேலாக, அச்சமின்றி வீதியில் நடமாடும் நிலை வேண்டும். இவற்றுள் ஒன்றேனும் தானாக வந்ததில்லை. கொழும்பில், சிறப்பாகக் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களின் உலையையும் உலாவையும் ஒருங்கே வைத்து நோக்கினால் இவ்வுண்மை தெளிவாகும்.

இரு பகுதிகள், இரு அடுப்புகள்

கொட்டாஞ்சேனை துறைமுகத்தின் நிழலில் வளர்ந்த பகுதி. பரிசுத்த லூசியா பேராலயமும், கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலும், சேர் பொன்னம்பலம் இராமநாதன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கருங்கல்லால் புதுப்பித்த பொன்னம்பலவாணேசுவரர் ஆலயமும் அங்கே ஒன்றுக்கொன்று அண்மையில் உள்ளன. 1902இல் தோன்றிய விவேகானந்த சபையின் இருப்பிடமும் அதுவே. துறைமுகத் தொழிலாளர், வண்டிக்காரர், சில்லறை வணிகர், கொழும்புச் செட்டிகள், பரதவர், தென்னிந்தியாவிலிருந்து பிழைப்புத் தேடி வந்தோர் எனப் பலரும் அங்கு நெருங்கி வாழ்ந்தனர். அவர்களுட் பலர் குடியிருந்த ஒற்றையறை வரிசைகளுக்குக் கொழும்பில் வழங்கிய பெயர் ‘தோட்டம்’ என்பது. பல குடும்பங்களுக்கு ஒரே தண்ணீர்க் குழாய், வாசலிலே அடுப்பு. அவ்வடுப்பில் சமைக்கப்பட்டவை சோறு, பருப்பு, ஒரு கீரை, மலிவாகக் கிடைத்த சூடை மீன் அல்லது கருவாடு. அன்றாடக் கூலியில் அன்றாடம் வாங்கிச் சமைப்பவருக்கு அரிசியின் விலை ஒரு சதம் ஏறினாலும் அது அன்று மாலையே சட்டியில் தெரிந்துவிடும்.

வெள்ளவத்தையின் கதை வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நிறுவப்பட்ட நூற்பு நெசவு ஆலையே அப்பகுதிக்கு முதலில் தொழிலாளரைக் கொணர்ந்தது. மலையாளிகளும் தமிழரும் பெருந்தொகையினராய் வேலை செய்த அவ்வாலையில் 1933இல் நடந்த வேலைநிறுத்தத்தின்போதுதான், பின்னர் லங்கா சமசமாஜக் கட்சியை அமைத்த கொல்வின் ஆர். டி சில்வா முதலிய இளைஞர்கள் தொழிற்சங்கத் தலைமைக்கு வந்தனர். ஆங்கிலக் கல்வி பெற்று அரசாங்க உத்தியோகத்துக்கு வந்த யாழ்ப்பாணத்து இலிகிதர்களும் இப்பகுதியையே நாடினர். 1942இல் தொடங்கப்பெற்ற கொழும்புத் தமிழ்ச் சங்கம் வெள்ளவத்தையில் நிலைகொண்டமை இம்மத்தியதர வர்க்கத்தின் வளர்ச்சிக்குச் சான்றாகும்.

இவ்விலிகிதர்களிற் பலர் தொடக்கத்தில் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு, நாலைந்துபேர் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து வாழ்ந்தனர். ‘சமறி’ என்று பெயர் பெற்ற அவ்வில்லங்களில் ஊரிலிருந்து வந்த மிளகாய்த்தூளும் ஒடியலும் முருங்கைக்காயுமே நாவுக்கு ஆறுதல். காங்கேசன்துறை வரை 1905இல் நிறைவுற்ற புகையிரதப் பாதையும், 1956 ஏப்ரலில் ஓடத் தொடங்கிய யாழ்தேவியும் மனிதரை மட்டும் ஏற்றி இறக்கவில்லை. ஒரு சமையல் முறையையே தெற்கே கொணர்ந்து சேர்த்தன. காலப்போக்கில் மனைவி மக்களும் வந்தனர். அதன்பின் நீத்துப்பெட்டியும் இடியப்ப உரலும் துருவலையும் வெள்ளவத்தை ஒழுங்கைகளில் குடியேறின.

எளிய சமையல் என்று நாம் பெருமையோடு கூறும் இவ்வுணவின் பிறப்பை ஆராய்ந்தால் உலகமே அதில் அடங்கியிருக்கக் காணலாம். மிளகாயும் மரவள்ளியும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். பாண் என்னும் சொல்லும் குசினி என்னும் சொல்லும் போர்த்துக்கேயர் விட்டுச் சென்றவை. சம்பலில் இடிபடும் மாசி மாலைதீவினது. ஆகவே, கலப்பற்ற தூய பண்பாடு என்று மேடையில் முழங்குவோர் முதலில் தம் வீட்டுக் குசினிக்குள் சென்று பார்ப்பது நன்று.

அங்கே அவர்கள் காணவேண்டிய வேறொன்றும் உண்டு. எளிய உணவை எளிதாகச் சமைத்துவிட முடியாது. தேங்காய் துருவிப் பால் பிழிந்து, அம்மியில் கூட்டரைத்து, மா இடித்து அரித்து வறுத்து, மூன்று வேளையும் அடுப்பங்கரையில் நின்றவர்கள் பெண்கள். உத்தியோக வீடுகள் பலவற்றில் அவர்களுக்குத் துணையாக, மலையகத் தோட்டங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட சிறுவரும் சிறுமியரும் இருந்தனர். பள்ளிக்கூடத்தில் இருந்திருக்க வேண்டிய வயதில் அவர்கள் பிறர் வீட்டுப் பாத்திரம் துலக்கினர். ஞாயிற்றுக்கிழமை குடும்பம் கடற்கரைக்குச் சென்றபோது ஒன்றில் வீட்டுக்குக் காவலிருந்தனர். அல்லது கூடையைச் சுமந்துகொண்டு பின்னால் நடந்தனர். கொழும்புத் தமிழ் மத்தியதர வாழ்வின் இனிய நினைவுகளை எழுதுவோர் பலர் இப்பிள்ளைகளைப் பற்றி எழுதுவதில்லை.

கப்பலில் வந்த சோறு

கோப்பியும் தேயிலையும் இறப்பரும் ஏகாதிபத்தியத்தின் சந்தைக்காகப் பயிரிடப்பட்ட நாட்டில், மக்கள் உண்ணும் அரிசி கடல் கடந்து வரவேண்டியதாயிற்று. இரண்டாம் உலகப் போருக்கு முன் இலங்கை உண்ட அரிசியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இறக்குமதி செய்யப்பட்டது. அதிற் பெரும்பகுதி பர்மாவிலிருந்து வந்தது. 1942 மார்ச்சில் யப்பானியர் இரங்கூனைக் கைப்பற்றியதும் அவ்வழி அடைபட்டது. அடுத்த மாதம் 5ஆந் திகதி கொழும்பின் மீதே குண்டுகள் வீழ்ந்தன.

அவ்வாண்டில் அரிசிப் பங்கீடு நடைமுறைக்கு வந்தது. கூப்பன் புத்தகம் குடும்பத்தின் மிக முக்கியமான ஆவணமாயிற்று. போதாத அரிசிக்கு ஈடாகக் கோதுமை மா பெருமளவில் புகுந்தது. பாணும் சம்பலும் கொழும்புத் தொழிலாளியின் காலையுணவாக நிலைபெற்றன.

தமிழ்ப் பெண்கள் இப்புதிய மாவைப் பழைய உணவுக்குப் பழக்கிய விதம் தனியே எழுதப்பட வேண்டிய வரலாறு. பச்சைக் கோதுமை மாவில் நீர் பட்டால் பசையாகிவிடும். புட்டும் வராது, இடியப்பமும் வராது. ஆகவே மாவைத் துணியிற் கட்டி ஆவியில் அவித்து, கட்டிகளை உடைத்து அரித்து, அதன்பின் சுடுநீர் விட்டுக் குழைத்தார்கள். பசை அடங்கியது, அரிசி மாவைப் போலவே அது புட்டாகவும் இடியப்பமாகவும் அமைந்தது. ஊரில் ‘அமெரிக்கன் மா’ என்று வழங்கிய இம்மாவுக்கு இரு பிறப்பு: வணிகத்தின் வழியே கப்பலில் வந்தது ஒன்று, பெண்களின் அறிவினால் நம் உணவானது மற்றொன்று. இந்நுட்பத்தைக் கண்டவர் எவர் பெயரும் எந்நூலிலும் இல்லை.

எழுபது சதம்

சுதந்திரத்துக்குப் பின் வந்த ஐக்கிய தேசியக் கட்சி அரசாங்கம், கொரியப் போரினால் ஏற்பட்ட இறப்பர் விலையேற்றம் தணிந்ததும் நெருக்கடியில் வீழ்ந்தது. அமெரிக்காவின் மனக்கசப்பையும் பொருட்படுத்தாது 1952 டிசம்பரில் சீனாவுடன் இறப்பர் – அரிசி ஒப்பந்தம் செய்துகொண்டது. வயிற்றின் தேவை சித்தாந்தத்தை வென்ற தருணம் அது. ஆயினும் அடுத்த ஆண்டு ஜூலையில் அதே அரசாங்கம் பங்கீட்டரிசி விலையை ஒரு கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்திற்று. பாடசாலைப் பிள்ளைகளின் இலவச மதிய உணவும் நிறுத்தப்பட்டது. புகையிரதக் கட்டணமும் கூட்டப்பட்டது.

இம்மூன்றும் ஒரே மூச்சில் நிகழ்ந்தமையை நாம் கவனிக்க வேண்டும். வீட்டுச் சட்டி, பள்ளிப் பிள்ளையின் தட்டு, ஊருக்குச் சென்றுவரும் பயணம் ஆகியவை யாவும் நிதியமைச்சரின் ஒரே பேனாவினால் வெட்டப்பட்டன.

1953 ஆகஸ்டு 12ஆந் திகதி இடதுசாரிகளின் அழைப்பை ஏற்று ஹர்த்தால் நடந்தது. கடைகள் அடைபட்டன, வண்டிகள் நின்றன, மேல் மாகாணத்திலும் தெற்கிலும் மக்கள் தண்டவாளங்களைக் கழற்றினர். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்ற வேறுபாடின்றி உழைப்போர் எழுந்தனர். அமைச்சரவை தரையிற் கூடுவதற்கு அஞ்சி, கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் கூடியது. கொட்டாஞ்சேனைத் தொழிலாளர் அரிசி மூட்டை இறக்கிய அதே துறைமுகத்தில், அரிசி விலையை உயர்த்தியவர்கள் அடைக்கலம் புகுந்தனர். துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. அக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். அரிசி விலையும் ஓரளவு குறைக்கப்பட்டது. ஒரு கொத்து அரிசி ஓர் அரசாங்கத்தின் தலைவரைக் கீழே இறக்க வல்லது என்பதை இந்நாடு கற்றுக்கொண்டது.

ஓய்வும் சட்டமும்

இனி உலாவுக்கு வருவோம். வேலைநாள் முடிவற்றிருந்த காலத்தில் குடும்ப உலா என்பது செல்வரின் வழக்கமே. காலிமுகத்திடலின் கடலோர நடைபாதை 1859இல் நிறைவுற்றபோது தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் அங்கு ஒரு கல் பதித்தார். கொழும்பின் பெண்மணிகளினதும் பிள்ளைகளினதும் நலன் கருதி அதனைப் பேணுமாறு தமக்குப் பின் வருவோரை அக்கல் வேண்டுகின்றது. அவர் மனக்கண்ணில் நின்ற பெண்மணிகள் குதிரை வண்டியில் வந்த ஐரோப்பியச் சீமாட்டிகளாகவே இருந்திருப்பர். துறைமுகத்தில் நிலக்கரி சுமந்தவனின் மனைவிக்கும் அந்தக் காற்று உரியது என்றாவதற்கு நெடுங்காலம் சென்றது.

அந்நெடுங்காலத்தில் நிகழ்ந்தவை பல. 1899 முதல் ஓடிய மின்சார ட்ராம் வண்டிகள் கோட்டையையும் புறக்கோட்டையையும் பொரளையோடும் கிராண்ட்பாஸோடும் இணைத்தன. அவ்வண்டிகளை ஓட்டிய தொழிலாளர் 1929இல் ஏ. ஈ. குணசிங்கவின் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தனர். 1941இல் சம்பளச் சபைகள் சட்டம் வந்தது. 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் கிழமைக்கு ஒன்றரை நாள் விடுமுறையையும் சம்பளத்துடன் கூடிய ஆண்டு விடுமுறையையும் ஊழியரின் உரிமையாக்கியது. 1956இல் மே நாள் பொது விடுமுறையாயிற்று. 1958 சனவரி முதலாந் திகதி தனியார் பேருந்துக் கம்பனிகள் நாட்டுடைமையாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை பிறந்தது. இலண்டன் வீதிகளில் ஓடிய சிவப்பு இரட்டைத்தட்டு வண்டிகள் காலி வீதியிலும் ஓடலாயின. அவற்றின் மேல்தட்டில் முன்னிருக்கையைப் பிடித்த பிள்ளைக்குக் கொழும்பு முழுவதுமே ஒரு காட்சிச்சாலைதான்.

ஆகவே 1950களிலும் 1960களிலும் எளிய குடும்பங்கள் ஒருநாட் பயணம் செல்ல முடிந்தது என்றால், அது தொழிற்சங்கங்களும் பொதுவுடைமை வண்டிகளும் ஈட்டித் தந்த பேறு. வாட்டிய வாழையிலையில் கட்டிய சோறு அல்லது பாணும் சம்பலும், ஒரு போத்தலில் தேநீர், ஒரு சீப்பு வாழைப்பழம், இவ்வளவே செலவு. தெகிவளை மிருகக்காட்சிச்சாலை வெள்ளவத்தைக்கு அடுத்த ஊர். ஜோன் ஹாகன்பெக் என்னும் ஜெர்மானிய விலங்கு வணிகர் தொடங்கிய அது, 1936இல் அரசாங்கத்தின் பொறுப்புக்கு வந்தமையாலேயே பொதுமக்களின் கல்வி நிலையமாயிற்று. 1877 சனவரி முதலாந் திகதி திறக்கப்பட்ட கறுவாத்தோட்டத்து நூதனசாலையைக் கட்டியவர் வாப்பிச்சி மரைக்கார் என்னும் முஸ்லிம் ஒப்பந்தகாரர். அங்கே, சீனத் தளபதி செங் ஹோ கொண்டுவந்த 1409ஆம் ஆண்டுக் கல்வெட்டு உள்ளது. 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்ட அக்கல்லில் சீனமும் தமிழும் பாரசீகமும் ஒன்றாகப் பொறிக்கப்பட்டுள்ளன. புத்தருக்கும், தென்னாவர நாயனாருக்கும், அல்லாவுக்கும் அளித்த காணிக்கைகள் ஒரே கல்லில் பேசுகின்றன. இத்தீவு ஒருமொழிக்கும் ஒருமதத்துக்கும் மட்டும் உரித்தன்று என்பதைப் பிள்ளைக்கு உணர்த்த அதைவிட நல்ல பாடம் வேண்டியதில்லை.

ஆடிவேல் விழாவும் இவ்வுலாக்களுள் ஒன்று. செட்டியார் தெருவிலிருந்து புறப்பட்டுக் காலி வீதி வழியே பம்பலப்பிட்டியை நோக்கித் தேர் வந்த நாட்களில், பக்தியோடு கரும்புக்கும் பொம்மைக்கும் வளையலுக்குமாகச் சிங்களப் பிள்ளைகளும் திரண்டனர். வடகொழும்பும் தென்கொழும்பும் ஒரே வீதியில் சந்தித்த நாட்கள் அவை.

ஓய்வுநாள் அரசியலுக்கு அப்பாற்பட்டது என்று எண்ணுவோர் 1966ஆம் ஆண்டை நினைத்துப் பார்க்கலாம். அவ்வாண்டு முதல் 1971 வரை ஞாயிறு விடுமுறை நீக்கப்பட்டு, சந்திரனின் கலைகளைப் பின்பற்றிய போயா நாட்களே வார விடுமுறையாயின. ஓய்வுநாள் கிழமைதோறும் இடம் மாறியது. ஞாயிற்றுக்கிழமை வேலைநாளாகியதால் கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கர் வழிபாட்டையும் வேலையையும் ஒரே நாளிற் பொருத்திக்கொள்ள நேர்ந்தது. பெரும்பான்மையின் மத உணர்வைத் தேர்தற் சரக்காக்கும் அரசியல், குடும்பத்தின் நாட்காட்டிக்குள்ளும் புகுந்தது.

இந்நகர வாழ்வுக்கு மற்றொரு நற்பயனும் இருந்தது. ஊரில் தேநீர்க்கடைப் பிரவேசத்துக்காக ஒடுக்கப்பட்ட மக்கள் 1960களின் பிற்பகுதியிலும் போராட வேண்டியிருந்தது. கொழும்புப் பேருந்தில் அருகில் அமர்பவரிடமோ, திடலில் கடலை விற்பவரிடமோ எவரும் சாதி விசாரிக்க முடியாது. பொது இடம் மனிதரைச் சமமாக்கிற்று. வீடு திரும்பியபின், எவரை எந்த வாசலோடு நிறுத்துவது, எவருக்கு எந்தக் குவளையில் தண்ணீர் கொடுப்பது என்ற கணக்கை மீண்டும் தொடங்கியது நம் குசினிதான்.

இடதுசாரிகள் அமைச்சர்களானபோது

1953இல் பெற்ற வெற்றி நிலைக்கவில்லை. 1966 இறுதியில் பங்கீடு இரண்டு கொத்திலிருந்து ஒன்றாகக் குறைக்கப்பட்டது. அது இலவசம் என்பது ஆறுதலாகக் கூறப்பட்டது. 1970இல் இரண்டு கொத்து வாக்குறுதியோடு ஐக்கிய முன்னணி ஆட்சிக்கு வந்தது. ஹர்த்தாலை நடத்திய கட்சியின் தலைவர் என். எம். பெரேரா நிதியமைச்சரானார். உலகச் சந்தையில் தானிய விலையும் எண்ணெய் விலையும் ஏறிய 1973இல் அதே ஆட்சி பங்கீட்டைக் குறைத்தது; அரிசியை ஊருக்கு ஊர் கொண்டுசெல்வதையும் கட்டுப்படுத்தியது. பாணுக்காக விடியுமுன் வரிசைகள் நீண்டன. மரவள்ளிக்கிழங்கும் ஈரப்பலாக்காயும் ஏழைகளின் சோறாயின. மலையகத் தோட்டங்களில் பட்டினியால் மக்கள் மாண்டனர்; உயிர்தப்பியோர் சிலர் கொழும்பு வீதிகளில் கையேந்தினர்.

அதே வேளையில், வெங்காயமும் மிளகாயும் இறக்குமதி செய்யப்படாமையால் யாழ்ப்பாணத்து விவசாயி தலைநிமிர்ந்தான் என்பதும் உண்மை. ஒரே கொள்கை கொழும்பில் வரிசையையும் யாழ்ப்பாணத் தோட்டவெளியில் செழிப்பையும் விளைத்தது. எனினும், தன்னிறைவு என்னும் நல்ல இலட்சியத்தின் சுமை யார் தோளில் ஏற்றப்பட்டது என்ற கேள்வியை இடதுசாரிகளான நாம் தட்டிக்கழிக்கலாகாது. குடியுரிமை 1948 முதலும் வாக்குரிமை 1949 முதலும் மறுக்கப்பட்டிருந்த தோட்டத் தொழிலாளியே அதிக விலை கொடுத்தான். அவனது பசியால் எந்த அமைச்சரும் கப்பலுக்கு ஓடவேண்டியிருக்கவில்லை.

1977இல் திறந்த பொருளாதாரம் வந்தது. 1979இல் பங்கீட்டின் இடத்தை உணவு முத்திரை பிடித்தது. அரிசி அளவாக இருந்த உரிமை ரூபாய் அளவாயிற்று. விலை ஏற ஏற முத்திரையின் பெறுமதி கரைந்தது. ஹர்த்தாலுக்கு இடமின்றியே உரிமை ஒன்று மறைந்துபோயிற்று.

வெளியே செல்லும் உரிமை

தமிழ்க் குடும்பத்தைப் பொறுத்தவரை உலாவுக்கு வேறொரு நிபந்தனையும் இருந்தது. 1956 ஜூன் 5ஆந் திகதி, தனிச்சிங்களச் சட்ட மசோதாவை எதிர்த்து அதே காலிமுகத்திடலில் அறவழியில் அமர்ந்த தமிழரசுக் கட்சியினர் குண்டர்களால் தாக்கப்பட்டனர். பிள்ளைகள் பட்டம் விட்ட புல்வெளியில் இரத்தம் சிந்தியது. 1958இலும் 1977இலும் கொழும்புத் தமிழர் உயிர் தப்பி வடக்கே செல்ல நேர்ந்தது. 1983 ஜூலை 24ஆந் திகதி இரவு தொடங்கிய வன்செயலில் வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் எரிந்தன. வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு தேடி வந்தனர் காடையர். உலையில் அரிசி கிடக்க ஓடியவர்களை மறைத்து வைத்துச் சோறு கொடுத்த சிங்கள அயலவரும் இருந்தனர். பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியிலும் இரத்மலானையிலும் அகதிகளுக்குப் பொது உலை வைக்கப்பட்டது. இலிகிதரும் துறைமுகத் தொழிலாளியும் ஒரே வரிசையில் தட்டேந்தி நின்றனர்.

அதன்பின் கால் நூற்றாண்டுக்கு மேலாக, வீட்டைவிட்டுப் புறப்படும் தமிழர் சாப்பாட்டுப் பொதிக்கு முன் அடையாள அட்டையைத் தேடினர். பொலிஸ் பதிவின்றி உறவினரை இரவு தங்கவைக்க முடியாது. வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தோர் பலர் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை விடுதியறைகளில், அடுப்பு மூட்ட இடமின்றிக் கடைப் பார்சலில் காலந்தள்ளினர். 2007 ஜூன் 7ஆந் திகதி அவர்களில் 376 பேர் பொலிசாரால் பேருந்துகளில் ஏற்றப்பட்டு வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் அந்நடவடிக்கைக்குத் தடை விதித்தது. தலைநகரில் இருப்பதற்கே காரணம் காட்ட வேண்டிய மக்களுக்கு, மிருகக்காட்சிச்சாலைக்குப் போய்வருவதும் சாதாரண செயலாக இருக்க முடியுமா?

திடலில் ஒரு கஞ்சி

2022இல் இலங்கை தன் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த முடியாதென அறிவித்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தை எட்டியது. எரிவாயு இல்லை; மண்ணெண்ணெய்க்கு வரிசை. வெள்ளவத்தைத் தொடர்மாடிகளின் பலகணிகளில் விறகடுப்புத் தேடவேண்டியதாயிற்று. மூன்று தலைமுறைக்கு முந்திய கூப்பன் காலத்தை முதியோர் நினைவுகூர்ந்தனர்.

ஏப்ரல் 9ஆந் திகதி முதல் காலிமுகத்திடலில் மக்கள் கூடாரமடித்தனர். குடும்பங்கள் பிள்ளைகளோடு வந்தன. பொதுச் சமையற்கூடம் இயங்கியது, நூலகமும் அமைந்தது. உலையும் உலாவும் ஒரே திடலில் ஒன்றாயின. ஜூலையில் சனாதிபதி நாட்டைவிட்டு ஓடிப் பதவி துறந்தார். 1953இல் அமைச்சரவை கப்பலேறியதை அறிந்தோருக்கு இது புதுக்கதையாகத் தோன்றியிராது.

ஆயினும் அத்திடலில் நிகழ்ந்தவற்றுள் நாம் மறக்கலாகாதது மே 18ஆந் திகதி நிகழ்ந்தது. 2009இல் முள்ளிவாய்க்காலில் முற்றுகைக்குள் அகப்பட்ட மக்களின் உயிரைத் தாங்கியது அரிசியும் உப்பும் இட்டுக் காய்ச்சிய கஞ்சி. அதன் நினைவாகக் காய்ச்சிய கஞ்சி காலிமுகத்திடலில் பகிரப்பட்டது. சிங்கள இளைஞரும் அதை வாங்கி அருந்தினர். 1956இல் தமிழர் அடிபட்ட அதே புல்வெளி அது. ஒரு கஞ்சியால் இனப்பிரச்சினை தீர்ந்துவிடாது. இரண்டு ஆண்டு கழித்து, 2024 மே மாதத்தில், அதே கஞ்சியைச் சம்பூரில் வழங்கிய பெண்கள் கைது செய்யப்பட்டனர் என்பதே அதற்குச் சான்று. எளிய சமையலை அரசும் அரசியலாகவே காண்கின்றது. வரலாற்றாசிரியர்தாம் இன்னும் காணவில்லை.

நாம் செய்யவேண்டியது

உண்ணும் உரிமையும் ஓய்வுரிமையும் பிரிக்கவொண்ணாதவை. அரிசி விலை ஏறும்போது முதலில் குறைவது உலா. பின்னர் குறைவது பிள்ளையின் முட்டை. அதற்கும் பின்னர் குறைவது தாயின் சோறு. இவ்வொழுங்கை எந்தப் புள்ளிவிவரமும் காட்டுவதில்லை. மறுபுறம், கடலை நிரப்பிய துறைமுக நகரும் உயர்மாடி விடுதிகளும் கொழும்பின் கடலோரத்தைச் சூழ்ந்துவரும் இந்நாளில், காசின்றி அமரக்கூடிய இடங்கள் சுருங்குகின்றன. பிள்ளைகள் ஓடி விளையாடும் ஒரு புல்வெளியைக் காப்பதும் விலைவாசிப் போராட்டத்தின் ஒரு பகுதியே.

ஆசிரியர்களும் மாணவர்களும் இதில் செய்யக்கூடிய பணி ஒன்றுண்டு. 1973இல் வீட்டில் என்ன சமைத்தார்கள், கூப்பன் கடையில் யார் வரிசையில் நின்றார்கள், முதன்முதலில் யானையைப் பார்த்தது எந்த ஆண்டில், 1983க்குப் பின் குடும்பம் மீண்டும் கடற்கரைக்குச் செல்ல எத்தனை காலம் சென்றது என்று ஒவ்வொரு மாணவனும் தன் பாட்டியிடம் கேட்டு எழுதட்டும். பிறர் வீட்டில் சமைத்த மலையகச் சிறுமி இன்று முதியவளாக எங்கோ இருக்கிறாள். அவளையும் தேடிக் கேட்கட்டும். நாற்பது பிள்ளைகளுள்ள வகுப்பில் நாற்பது குடும்பங்களின் வரலாறு சேரும். கொட்டாஞ்சேனைப் பிள்ளையும் வெள்ளவத்தைப் பிள்ளையும் தம் ஏடுகளை மாற்றி வாசித்தால், தத்தம் வீட்டுச் சட்டி ஏன் வெவ்வேறாக இருந்தது என்பதை அவர்களே கண்டுகொள்வார்கள். சிங்களப் பாடசாலைப் பிள்ளைகளின் ஏடுகளையும் அவற்றோடு சேர்த்து வாசிக்கும் நாளில், 1953 ஆகஸ்டில் இத்தீவின் உழைப்போரை ஒன்றாக்கிய பசியின் மொழி எதுவென்பதும் புலப்படும்.